புது லென்ஸ் வேண்டாம், ஜூன் மாதம் வரட்டும்

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் மெல்பர்னுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கையில் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். கிரேட் ஓஷன் ரோடு, கிராம்பியன்ஸ், டான்டினாங் மலை எல்லாம் போய்வந்தாயிற்று. ஊரில் எடுத்த படங்களில் இருந்த உயிர் இங்கே எடுத்தவற்றில் இல்லை. வானம் வெளுத்துவிடுகிறது, காடு குப்பை மாதிரி விழுகிறது. ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு, நாட்டின் நடுவில் இருக்கும் உலுரு என்ற பெரும்பாறையைப் பார்க்கப் போகிறார். அதற்குள் நல்ல வைட் லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாமா?

வாங்க வேண்டாம். இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் ஒருவரிடம் கேட்டேன். அவர் வேண்டாம் என்றார், நான் வாங்கினேன். முன்பு விழுந்த அதே குப்பை இன்னும் அகலமாக விழுந்தது, அவ்வளவுதான். உங்கள் சிக்கல் லென்ஸில் இல்லை. ஊர் வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணோடு இந்த நாட்டைப் பார்க்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சூரியன். சென்னையில் வருடத்தில் ஏறக்குறைய எட்டு மாதம் உச்சிச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நாம் யோசிக்காமலே அந்தக் கணக்கு உடம்பில் ஊறியிருக்கும். மெல்பர்னில் உச்சிச் சூரியன் எப்போதுமே வடக்கே. அதைப் பார்த்து நின்றால் அது வலமிருந்து இடமாக நகரும், நிழல்களும் நமக்குப் பழக்கமில்லாத பக்கம் திரும்பும். கிராம்பியன்ஸில் ஒரு பாறைமுகத்தில் வெயில் ஏறட்டும் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிழல் குறையவே இல்லை, வளர்ந்துகொண்டே போனது. ஃப்ளாஸ்கில் இருந்த காப்பி தீர்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. தெற்கு பார்த்த பாறைகள் குளிர்காலம் முழுக்க நிழலில்தான் கிடக்கும்.

அடுத்தது உயரம். டிசம்பர் நடுப்பகலில் மெல்பர்ன் சூரியன் ஏறக்குறைய 75 பாகை உயரத்தில் நிற்கும். உச்சந்தலையில் ஆணி அடிப்பது மாதிரியான வெயில். அதே சூரியன் ஜூன் நடுப்பகலில் 29 பாகையைத் தாண்டாது. அதாவது குளிர்காலத்தில் நாள் முழுக்கச் சாய்ந்த வெயில்தான், மதியம் பன்னிரண்டுக்கும் மணல்மேட்டில் நிழல் நீளமாக விழும். சூரிய உதயமும் ஏழரைக்குத்தான், ஐந்து மணி தாண்டியதுமே மறைந்துவிடும். ஜனவரியில் நல்ல வெளிச்சம் வேண்டுமானால் நாலரைக்கு எழுந்து, மறுபடி இரவு எட்டரைக்கும் காத்திருக்க வேண்டும். நீங்கள் வந்தது கோடைக்கு முன்னால். போன இடமெல்லாம் பள்ளி விடுமுறையில், பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் போயிருப்பீர்கள். இங்கே நிலக்காட்சிக்கான பருவம் மே முதல் ஆகஸ்ட் வரை. சுற்றுலா விளம்பரம் எதுவும் இதைச் சொல்லாது.

அந்திக்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே விழும். இருபது நிமிடம் கொஞ்சம் கூடப்போனால் இருட்டு. இங்கே அது சரிந்து இறங்குவதால் அந்தி வெளிச்சம் அரை மணி நேரம் வரை நீளும், இன்னும் தெற்கே இருக்கும் டாஸ்மேனியாத் தீவில் இன்னும் கொஞ்சம். சூரியன் மறைந்ததும் கூட்டம் காருக்குக் கிளம்பும். நீங்கள் கிளம்பாதீர்கள். நிறம் வருவது அதற்குப் பிறகுதான்.

வானம் ஏன் வெளுக்கிறது? காற்றில் தூசியும் புகையும் குறைவு, அதனால் வெயில் படும் இடம் கண்ணைப் பறிக்கும், படாத இடம் கரி. கேமரா கரியைக் காப்பாற்றப் பார்க்கும், வானம் பலியாகும். ஆகவே ரா ஃபைலில், அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பில் எடுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரம் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து, நிழலைப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு முன்னால் பளபளப்பை வெட்டும் கண்ணாடியான போலரைசர் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. இந்தத் தெளிந்த வானத்தில் அது மிகக் கடுமையாக வேலை செய்யும், சூரியனுக்குச் செங்குத்தான பக்கத்தில் வானம் கறுநீலமாகிவிடும். வைட் லென்ஸில் மாட்டினால் ஒரு மூலை கறுப்பு, மறு மூலை வெளுப்பு, நடுவில் பட்டை. நீங்கள் வாங்க நினைத்த லென்ஸ் இந்தத் தொல்லையை இன்னும் பெரிதாக்கும்.

சரி, இனி காடு. இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஊட்டியில் நாம் தைலமரம் என்று பார்த்தது இங்கிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுபோய் நட்டதுதான். அங்கே வரிசையாக நட்டதால் கம்பம் மாதிரி நேராக நிற்கும். இங்கே அது தன் வீட்டில் இருக்கிறது. முறுக்கும், பட்டையை உரித்துத் தொங்கவிடும், பாதிக் கிளையை உதிர்த்துக் காலடியில் போட்டுக்கொள்ளும். பெரும்பாலான யூகலிப்டஸ் மரங்களில் வளர்ந்த இலை தட்டையாக விரியாது, செங்குத்தாகத் தொங்கும். வெயிலைத் தவிர்க்க அது கண்டுபிடித்த வழி. ஆலமரம், புளியமரம் மாதிரி அடர்ந்த நிழல் அதனால் இங்கே கிடையாது. வெயில் இலைகளுக்கு நடுவே நழுவித் தரைவரை வந்து ஆயிரம் துண்டாகச் சிதறும். நம் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆயிரம் வெள்ளைப் புள்ளி, ஆயிரம் கறுப்புப் புள்ளி, குச்சி, சருகு, பட்டை. நீங்கள் சொன்ன குப்பை இதுதான்.

இன்னொன்று, இந்தக் காடு பச்சை இல்லை. நாம் நாற்றங்கால் பச்சையைப் பார்த்து வளர்ந்தவர்கள். படத்தைத் திருத்த உட்கார்ந்ததும் கை தானாகப் பச்சை நிறத்தை ஏற்றப் போகும். தைலமரத்தின் இலை சாம்பலும் நீலமும் கலந்த நிறம், துளிர் செம்பு நிறம், காய்ந்த புல் வைக்கோல் நிறம். பச்சையை ஏற்றினால் பிளாஸ்டிக் செடி மாதிரி ஆகிவிடும். நான் செய்வது நேர்மாறு. பச்சையைக் கொஞ்சம் இறக்கி, மஞ்சள் பக்கம் அரை விரல் தள்ளுவேன், நிழலில் இருக்கும் நீலத்தைத் தொடமாட்டேன்.

இந்தக் குழப்பம் உங்களுக்கும் எனக்கும் மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஆரம்பகால ஓவியர்கள் பலர் இந்த மரங்களை ஏறக்குறைய தங்கள் ஊர் ஓக் மரங்களாகவே வரைந்துவைத்தார்கள். 1880களில்தான் டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்ல்ஸ் கோண்டர் போன்றவர்கள் மெல்பர்னுக்கு வெளியே கூடாரம் போட்டு, வெயிலில் நின்று, புல் வைக்கோல் நிறம் என்றும் தூரத்து மலை ஊதா என்றும் நேர்மையாக வரைந்தார்கள். 1889 ஆகஸ்டில் அவர்கள் மெல்பர்னில் வைத்த கண்காட்சியில் பல படங்கள் ஒன்பதுக்கு ஐந்து அங்குலச் சுருட்டுப்பெட்டி மூடியில் தீட்டியவை. அவர்கள் கூடாரம் போட்ட இடங்களில் ஒன்று பாக்ஸ் ஹில். ஆமாம், நீங்கள் டம்ப்ளிங் சாப்பிடப் போகும் அதே பாக்ஸ் ஹில்தான். நகரத்தில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் ஆஸ்திரேலியப் பிரிவில் அவர்கள் படங்களைப் பார்க்கலாம், நுழைவுக்கட்டணம் இல்லை. லென்ஸுக்கு வைத்திருக்கும் காசைத் தொடாமலே கண்ணுக்கு ஒரு பாடம்.

காட்டைப் படமாக்க வழி என்ன? வெயில் இல்லாத நாளில் போவது. மூடுபனி இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஷெர்புரூக் காடு இருக்கிறது. அங்கே நிற்பவை மவுன்டன் ஆஷ் என்ற தைலமரங்கள், பூக்கும் மரங்களில் உலகின் மிக உயரமான இனங்களில் ஒன்று. கீழே மரப் பெரணிகள் குடை விரித்தாற்போல நிற்கும்.

ஒரு ஜூன் மாதக் காலையைச் சொல்கிறேன். கார் காட்டிய வெப்பம் நாலு டிகிரி. பனி அவ்வளவு அடர்த்தி, இருபதடிக்கு அப்பால் மரமே இல்லை. மற்ற பறவைகளின் குரலைக் காப்பியடிக்கும் லயர்பேர்டு ஒன்று எங்கோ கத்துகிறது, ஒரு நிமிடம் குக்கபரா மாதிரி, அடுத்த நிமிடம் வேறு ஏதோ பறவை மாதிரி. பாதையோரம் மூன்று அடிமரங்கள். முதலாவது தெளிவாக, அதிலிருந்து பட்டை ஈரத் துணி மாதிரி உரிந்து தொங்குகிறது. இரண்டாவது பென்சிலால் தீட்டினாற்போல. மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். வெயில் நாளில் இதே இடத்தில் பின்னால் நூறு மரம் வந்து நெரிக்கும். பனி அந்த நூறையும் துடைத்துவிட்டு மூன்றை மட்டும் என் முன்னால் நிறுத்தியிருந்தது. உங்கள் லென்ஸில் 55 முனை இருக்கிறதே, அதுதான் நான் எடுத்த கோணம். எஃப் 8, ஷட்டர் அரை விநாடி, ட்ரைபாட். பனியைக் கேமரா மங்கலாக்கிக் காட்டும் என்பதால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்கு, ஏற்றினேன். போலரைசரை இங்கே மாட்டலாம், ஈரப் பெரணியின் மேல் இருக்கும் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் பச்சையைக் காட்டும். போலரைசரின் உண்மையான வேலை இதுதான், வானத்தை நீலமாக்குவது இல்லை.

மலை உச்சிகளில் ஸ்னோ கம் என்று ஒரு தைலமரம் உண்டு. காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் சாதாரணமாக நிற்கும். மழையில் நனைந்ததும் பட்டையில் சிவப்பு, மஞ்சள், ஆலிவ் பச்சை எல்லாம் கோடு கோடாக எழும்பும், யாரோ அப்போதுதான் வர்ணம் பூசிவிட்டுப் போனது மாதிரி. மழை நின்று மரம் உலர்ந்ததும் எல்லாம் போய்விடும். மழை வருகிறது என்று நீங்கள் பயணத்தை ரத்துசெய்த நாளில்தான் நான் கிளம்பியிருப்பேன்.

ஒரே மரத்தை மட்டும் எடுத்தும் பேர் வாங்கலாம். ஹெரால்ட் காஸ்னோ என்ற புகைப்படக்காரர் 1937இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரில், வில்பீனா பவுண்டு என்ற மலைவளையத்துக்குப் பக்கத்தில், வேர் வெளியே தெரிய நின்ற ஒரு பெரிய ஆற்றுத் தைலமரத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். மரம் இன்றும் நிற்கிறது, காஸ்னோ மரம் என்றே பேர். போகிறவர்கள் எல்லாம் அதே கோணத்தில் ஒன்று எடுத்துவிட்டு வருகிறார்கள். நானும்தான்.

மோசமான வானிலைதான் நல்ல படம் என்பதற்கு இந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படமே சாட்சி. அதன் கதை டாஸ்மேனியாவில் நடக்கிறது. லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்த ஒலெகாஸ் ட்ருசானஸ் என்பவர் லேக் பெடர் என்ற ஏரியையும் சுற்றியுள்ள காட்டையும் வருடக்கணக்கில் படமெடுத்தார். 1967 பிப்ரவரியில் டாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டைச் சுற்றி எரிந்த காட்டுத்தீயில் அவர் வீடும், சேர்த்துவைத்த ஸ்லைடுகளும் சாம்பலாயின. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நீர்மின் திட்டத்துக்காக ஏரியை மூழ்கடிக்கப் போகிறார்கள் என்றதும் ஹோபார்ட்டில் மக்களைக் கூட்டி ஸ்லைடு போட்டுக் காட்டினார். காப்பாற்ற முடியவில்லை, 1972இல் ஏரி மூழ்கியது. அதே வருடம் கார்டன் நதியில் படமெடுக்கப் போன இடத்தில் ட்ருசானஸும் மூழ்கி இறந்தார்.

அவரிடம் தொழில் கற்ற இளைஞர் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ். லாட்வியப் பெற்றோருக்கு ஜெர்மனியில் பிறந்தவர். லின்ஹாஃப் என்ற கனமான ஃபிலிம் கேமராவை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு தாளுக்கு ஒரு படம் என்ற கணக்கில் எடுத்தவர். அடுத்து ஃப்ராங்க்ளின் நதியைப் பாதிக்கும் அணை வரப்போகிறது என்றபோது, அந்த நதியின் ஒரு வளைவை அவர் எடுத்திருந்த படம் களத்துக்கு வந்தது. அதிகாலை, மூடுபனி, நடுவில் பாறைத் திட்டு, அதைச் சுற்றி வழுக்கி ஓடும் நீர். 1983 மார்ச் 5 கூட்டாட்சித் தேர்தலுக்கு முன், இதை அழிக்கத் துணியும் கட்சிக்கா உங்கள் வாக்கு என்று கேட்கும் வண்ண விளம்பரமாகப் பெரிய நாளிதழ்களில் அந்தப் படம் முழுப்பக்கம் வந்தது. அணையை நிறுத்துவோம் என்ற தொழிற்கட்சி ஜெயித்தது. வழக்கு இந்த நாட்டின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போய், ஜூலை 1 அன்று நாலுக்கு மூன்று என்ற தீர்ப்பில் அணை நின்றது. ஒரு படமே அணையை நிறுத்தியது என்று சொல்வது மிகை. அணைக்கு எதிரான மறியலில் கைதானவர்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆனால் நதியை நேரில் பார்க்க வாய்ப்பே இல்லாத சிட்னிக்காரரும் மெல்பர்ன்காரரும் அதைப் பார்த்தது அந்தப் படத்தில்தான். டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1996இல் வெஸ்டர்ன் ஆர்தர் மலையில் படமெடுக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார்.

படத்தைத் தேடிப் பாருங்கள். நீல வானம் இல்லை, சூரியன் இல்லை, சிவந்த அந்தி இல்லை. நீங்கள் காரை விட்டு இறங்கியே இருக்கமாட்டீர்கள்.

கடற்கரை பற்றிச் சுருக்கமாக. கிரேட் ஓஷன் ரோட்டில் கடலுக்குள் நிற்கும் பாறைத் தூண்களான ட்வெல்வ் அப்போஸல்ஸில் பன்னிரண்டு தூண் ஒருபோதும் இருந்ததில்லை, பேர் மட்டும்தான். அது சுண்ணாம்புக்கல், கடல் தின்றுகொண்டே இருக்கிறது. 2005 ஜூலையில் ஐம்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஒரு தூண் நொடியில் சரிந்து கல்குவியலானது. அந்தியில் பார்வைமேடையில் எல்லோரும் மேற்கே சூரியனைப் பார்த்து நிற்பார்கள், தூண்கள் கறுப்பு நிழலாகத்தான் விழும். அப்படியே திரும்பிக் கிழக்கே பாருங்கள். காக், மேகாக் என்று இரண்டு தூண்கள் தனியாக நிற்கும், கடைசி வெயில் முழுக்க அவற்றின் முகத்தில்தான். மேற்குத் தூண்கள் வேண்டுமானால் விடியற்காலை போங்கள். அதற்கு முந்தின நாளே போர்ட் கேம்பெல்லில் தங்க வேண்டும், மெல்பர்னிலிருந்து ஒரே நாளில் போய்வரும் பஸ் எதிலும் இது நடக்காது. பாறைத்திட்டில் இறங்குவதானால் முதலில் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று அலையைக் கவனியுங்கள். அமைதியாக வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவில் திடீரென்று ஒன்று இடுப்பளவு வரும். என் முதல் ட்ரைபாட் அப்படிப் போனது. கேமரா அப்போது கழுத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

இனி உலுரு. ஏப்ரல் கடைசி நல்ல தேர்வு, வெயில் தணிந்திருக்கும். பள்ளி விடுமுறையோடு சேர்ந்தால் கூட்டமும் இருக்கும், பரவாயில்லை.

பாறை சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரம். சுற்றி நடந்தால் பத்து கி.மீ.க்குச் சற்று அதிகம். நடங்கள், அதுவும் காலையில். தூரத்திலிருந்து எடுக்கும் அந்த அஞ்சலட்டைப் படம் எல்லோரிடமும் இருக்கிறது. அருகே போனால்தான் அது வழவழப்பான பாறை இல்லை, மீன்செதில் மாதிரி உரிந்துகொண்டே இருப்பது என்று தெரியும். அடியில் இருக்கும் சில குகைகளுக்குள் பாருங்கள், பாறையின் உண்மை நிறம் சாம்பல். மணற்கல்லில் இருக்கும் இரும்பு காற்றும் ஈரமும் பட்டுத் துருப்பிடித்துத்தான் வெளியே சிவப்பு. நான் அங்கே எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அந்தச் சாம்பலும் துருவும் சந்திக்கும் ஒரு முழ அகலக் கோடுதான். மழை பெய்தால் வெளியே ஓடுங்கள். பாறை இருண்டு ஊதாவாகும், மேலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி அருவிகள் இறங்கும். அது எப்போதாவதுதான் வாய்க்கும், எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

எடுக்கக் கூடாத இடங்களும் உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். அந்த நிலம் அணங்கு மக்களுடையது. நம் சங்கப் பாட்டு அணங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள். 1985 அக்டோபர் 26 அன்று அந்த நிலத்தை அரசு அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது, அதே தேதியில் 2019இல் பாறை மேல் ஏறுவது நிறுத்தப்பட்டது. சுற்றி நடக்கும் பாதையில் சில இடங்களில் பலகை வைத்திருப்பார்கள், அங்கே படம் எடுக்க வேண்டாம் என்று. அந்தப் பாறை மடிப்புகளே அவர்களுக்கு வேதம் மாதிரி. உரியவர் மட்டும், அந்த இடத்தில் மட்டும் பார்க்க வேண்டியவை. சிதம்பரத்தில் கருவறைக்கு முன் கேமராவை உள்ளே வைத்துக்கொள்வோம், யாரும் காரணம் கேட்பதில்லை. அப்படித்தான் இதுவும். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்துக்கொள்ளலாமே என்ற குறுக்குப் புத்தியும் வேண்டாம். விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ எடுப்பதானால் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பொதுவாகவே இந்த நாட்டில் ட்ரோன் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தேசியப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றில் அனுமதியே இல்லை.

உலுருவைப் பார்த்துவிட்டுக் கட்டா ஜுட்டாவைத் தவறவிடாதீர்கள். முப்பத்தாறு குவிமாடப் பாறைகள், நடுவில் பள்ளத்தாக்கு. என் கணக்கில் உலுருவைவிட அங்கேதான் படம் அதிகம். தற்செயல் பாருங்கள், வெப்பம் முப்பத்தாறைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால் அங்கே நீண்ட நடைப்பாதையைக் காலை பதினொன்றுக்கு மூடிவிடுவார்கள்.

செம்மண் பற்றி ஒரு வார்த்தை. மாவை விட நைஸ். அங்கே முதல் தடவை போனபோது சாலையோரம் காற்றில் நின்று லென்ஸ் மாற்றினேன், முப்பது விநாடி வேலை. திரும்பி வந்து பார்த்தால் அடுத்த நாலு நாள் எடுத்த அத்தனை படத்திலும் வானத்தில் ஒன்பது புள்ளி, அதே இடத்தில். உங்களிடம் ஒரே லென்ஸ் இருப்பது இந்த ஒரு விஷயத்தில் வரம். ஈக்களுக்குத் தொப்பிமேல் போடும் வலை வாங்கிக்கொள்ளுங்கள். கேலியாகத் தோன்றும், அரை மணி நேரத்தில் தோன்றாது.

இரவையும் விட்டுவிடாதீர்கள். நிலா இல்லாத நாளாக அமைந்தால், 18 மி.மீ., எஃப் 3.5, ஐ.எஸ்.ஓ. 3200, பதினெட்டு விநாடி. அதற்கு மேல் திறந்துவைத்தால் நட்சத்திரம் கோடாகும். திரிசங்கு என்று நம்மவர்கள் சொல்வது தென்சிலுவையைத்தான் என்பார்கள். சென்னையில் தெற்கு அடிவானத்தை ஒட்டித் தவழும் அது இங்கே வானத்தில் உயரே நிற்கும். அதன் பக்கத்தில் நட்சத்திரமே இல்லாத கறுப்புத் திட்டு ஒன்று தெரியும். இந்த நாட்டின் முதல்குடிகளில் பலர் அதை ஈமுவின் தலையாகப் பார்க்கிறார்கள், கழுத்தும் உடம்பும் பால்வீதியின் கறுப்பு வழியே நீளும். நாம் ஒளிப்புள்ளிகளைச் சேர்த்து உருவம் பார்த்தோம், அவர்கள் இருட்டிலும் பார்த்தார்கள். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அப்புறம் வானத்தில் வேறு எதுவும் தெரியாது.

ஆபத்துகளில் பாம்பைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நான் பயப்படுவது கங்காருவுக்கு. அது மேய வரும் நேரமும் நாம் படமெடுக்கக் கார் ஓட்டும் நேரமும் ஒன்றுதான், விடியலும் அந்தியும். குறுக்கே வந்தால் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். நாட்டின் உட்பகுதியில் வாடகைக் கார் ஒப்பந்தங்கள் சில இருட்டிய பின் நகருக்கு வெளியே ஓட்டுவதை அனுமதிப்பதில்லை, கையெழுத்துக்கு முன் அந்தப் பத்தியைப் படியுங்கள். சூரியன் மறைந்ததும் கிளம்பாதீர்கள் என்று மேலே சொன்னேன். அந்தப் பகுதியில் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அது பொருந்தும். கோடையில் விக்டோரியாவில் எங்கே போவதானாலும் காட்டுத்தீ அபாய நிலையைப் பாருங்கள், நாலு படிகளில் மேல் இரண்டு என்றால் வீட்டிலேயே இருங்கள். ஃபோன் சிக்னல் இல்லாத இடத்துக்குத் தனியாக நடப்பதானால் ஆபத்தில் மீட்புக் குழுவுக்குச் சமிக்ஞை அனுப்பும் அவசர பீக்கன் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸுக்கு வைத்திருக்கும் காசில் என்ன வாங்கலாம் என்று அடுத்துக் கேட்பீர்கள். பழையதாக ஒரு கனமான ட்ரைபாட், ஒரு போலரைசர், ஒரு மழைக்கோட்டு. மீதி பெட்ரோலுக்கு.

உலுரு முடிந்து வந்ததும் ஷெர்புரூக்கிலிருந்து ஆரம்பியுங்கள். முந்தின நாள் மழை, இரவு காற்று இல்லை, காலையில் மலைமேல் தாழ்ந்த மேகம் என்று முன்னறிவிப்பு சொன்னால் அலாரம் வைத்துவிடுங்கள். ஏழேகாலுக்குள் கார் நிறுத்துமிடத்தில் இருக்க வேண்டும், ஒன்பதரைக்கெல்லாம் பனி கலைந்துவிடும். காரை விட்டு இறங்கியதும் கேமராவை எடுக்காமல் பத்து நிமிடம் பையிலேயே விடுங்கள், குளிருக்குப் பழகட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் லயர்பேர்டு எங்கே கத்துகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கலாம்.